கையெழுத்தும் கைரேகையும்: புதுக்கோட்டையில் அரசை அணுகிய இரு வழிகள்

1991ஆம் ஆண்டு புதுக்கோட்டை மாவட்டத்து ஊர்களில் வேலை முடிந்து பொழுது சாய்ந்தபின் நடந்த எழுத்தறிவு வகுப்புகளின் நோக்கங்களில் ஒன்று, பெருவிரலில் மை தடவும் பழக்கத்தை ஒழிப்பது. 2020 அக்டோபரில் அதே ஊர்களின் ரேஷன் கடைகளில் வழக்கத்துக்கு வந்த விரல்ரேகைக் கருவி, அதே விரலைத் திரும்ப அழைத்தது. முன்னதன் பெயர் அறிவொளி இயக்கம். பின்னதன் பெயர் மின் ஆளுகை. இரண்டுக்கும் பின்னால் அரசு இருந்தது. இரண்டும் சொன்ன காரணம்கூட ஒன்றேதான்: ஏழைக்கும் அரசு அலுவலகத்துக்கும் நடுவில் நிற்கும் ஆளை அகற்றுவது.

ஒரே மாவட்டம், ஒரே மக்கள், ஒரே நோக்கம். ஆனால் எதிரெதிரான இரண்டு கருவிகள். பேனாவும், விரலைப் பதியும் கருவியின் கண்ணாடிச் சில்லும். இவற்றை அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஒரு பக்கம் சாய்ந்துவிடும் ஆபத்து உண்டு. அறிவொளியை நினைத்து உருகுகிறவர்கள், அதுவும் மாவட்ட ஆட்சியர் தலைமையில், இலக்கும் எண்ணிக்கையும் வைத்துக்கொண்டு நடந்த அரசுத் திட்டம் என்பதை எளிதில் மறக்கிறார்கள். சான்றிதழுக்குக் கணினிவழி விண்ணப்பிக்க வைக்கும் இ-சேவை மையத்தை ஏசுகிறவர்கள், சாதிச் சான்றிதழ் ஒன்றுக்காகக் கிராம நிர்வாக அலுவலரையும் வருவாய் ஆய்வாளரையும் தாசில்தாரையும் மாறி மாறித் தேடி அலைந்த காலத்தை மறக்கிறார்கள்.

கைரேகையின் பிறப்பிலிருந்து தொடங்குவது நல்லது. அங்கேயே முதல் வியப்பு காத்திருக்கிறது. 1858இல் வங்காளத்து ஜங்கிபூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, சாலைக்குச் சரளை வழங்க ராஜ்யதர் கோனாய் என்பவரோடு ஒப்பந்தம் செய்தார். ஒப்பந்தத்தை எழுதியவர் கோனாய்தான், அதுவும் தம் கைப்பட. கையெழுத்துப் போடப் போனவரைத் தடுத்த ஹெர்ஷல், அவருடைய உள்ளங்கையில் மை பூசிக் காகிதத்தின் பின்பக்கத்தில் பதிய வைத்தார். ‘இது என் கையெழுத்தே இல்லை’ என்று நாளைக்கு மறுத்துவிடக் கூடாது என்பது அவருடைய கணக்கு. ஆக, இந்திய ஆட்சி நிர்வாகத்தில் கைரேகை நுழைந்தது எழுதத் தெரியாதவருக்காக அல்ல. எழுதத் தெரிந்த ஒருவரின் சொல்லை நம்பாத அரசுக்காக அது நுழைந்தது. எழுதத் தெரியாதவரின் அடையாளமாகப் பெருவிரல் ஊர்வழக்கில் நிலைத்து, ‘கைநாட்டு’ என்ற ஏச்சாக மாறியது தனிக் கதை.

அறிவொளி எதிர்த்தது இந்த ஏச்சை. பத்திரத்திலும் கூலிப் பதிவேட்டிலும் மணியார்டர் தாளிலும் விரலைப் பிடித்து அழுத்துகிற அடுத்தவர் கையை உதறுவதுதான் அங்கே பேசப்பட்ட விடுதலை. தம் பெயரைத் தாமே எழுதிவிட்டவரை அலுவலகத்தில் யாரும் அதட்ட முடியாது என்ற நம்பிக்கையை இயக்கம் விதைத்தது. மானிடவியலாளர் ஃபிரான்சிஸ் கோடி புதுக்கோட்டை அறிவொளியைப் பற்றி 2013இல் வெளியிட்ட நூலில் மனுவுக்கும் கையெழுத்துக்கும் அத்தனை இடம் கொடுத்திருப்பது இதனால்தான். ஒரு பெயரைக் கோணல்மாணலாக எழுதுவது படிப்பின் தொடக்கம் மட்டுமில்லை, குடிமகளாக மாறும் செயலும்கூட என்று அந்த இயக்கம் கருதியது.

கண்ணாடிச் சில்லு எதிர்த்தது வேறொன்றை. போலி அட்டை, இறந்தவர் பெயரில் வாங்கப்படும் அரிசி, ஒருவருக்கு வரும் உதவித்தொகையை இன்னொருவர் எடுத்துக்கொள்வது. ஹெர்ஷலின் கணக்குக்கு இது நெருக்கம். ஆனால் சில்லின் பக்கவிளைவை ஒப்பிடுகிறவர் கவனிக்காமல் போக முடியாது. இன்று ரேஷன் கடையில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியரும் விரலை வைக்கிறார். கல்லுடைக்கும் பெண்ணும் விரலை வைக்கிறார். பட்டதாரிக்குத் தனிப் பேனா இல்லை. பெருவிரலின் மேல் ஒரு நூற்றாண்டாக ஒட்டியிருந்த அவமானத்தைக் கழுவியது எது என்று கேட்டால், கையெழுத்து இயக்கத்துக்குப் பாதிப் பங்கும், எல்லோரையும் ஒரே சில்லைத் தொட வைத்த கருவிக்கு மீதிப் பாதியும் தரத் தோன்றுகிறது. அறிவொளித் தொண்டர்கள் இப்படி ஒரு கூட்டாளியை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

சமத்துவம் அங்கேயே நின்றிருந்தால் கட்டுரையும் இங்கேயே முடிந்திருக்கும். சில்லு எல்லா விரலையும் ஒன்றுபோல் கேட்கிறது. எல்லா விரலும் ஒன்றுபோல் இல்லை. அறிவொளி முனைந்து சென்ற இடங்களில் ஒன்று குடுமியான்மலைக் கல்குவாரி. அங்கே வேலைசெய்த பெண்கள் எழுத்தும் சைக்கிளும் கற்று, மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவும் முன்வந்ததைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவுசெய்திருக்கிறார். கல்லும் உளியும் கருங்கல் துகளும் தேய்த்தெடுப்பது முதலில் விரல் நுனியைத்தான். ஆதனக்கோட்டையில் முந்திரி வறுத்துத் தோல் நீக்குகிறவர்களின் கதியும் இதுதான். முந்திரித் தோட்டின் எண்ணெய் கையைப் பொசுக்கிவிடும். தோல் உரிந்து உரிந்து வரும். இந்த விரல்களைத்தான் கருவி ‘பொருந்தவில்லை’ என்று திருப்பி அனுப்புகிறது. ஊர்ப்பேச்சில் ‘ரேகை விழல’. கடைக்காரர் அடுத்த விரலை வைக்கச் சொல்வார், துடைத்துவிட்டு வைக்கச் சொல்வார், பின்னால் வரிசை முணுமுணுக்கும்.

இதிலும் ஒரு தலைகீழ்ச் சமச்சீர் இருக்கிறது. கையெழுத்துக் காலத்தில் உழைக்கிறவரின் விரல் பேனா பிடிக்கக் கற்க வேண்டியிருந்தது. மரத்துப்போன விரலுக்கு அது கடினம், ஆனால் பழகினால் வரும். ரேகைக் காலத்தில் அதே விரலிடம் கற்பதற்கு ஒன்றுமில்லை. தேய்ந்த ரேகையை முயற்சியால் வரவழைக்க முடியாது. முதல் வகைத் தோல்விக்கு இரவு வகுப்பு என்ற மருந்து இருந்தது. இரண்டாவது வகைத் தோல்விக்கு மருந்தைக் கருவி வைத்திருப்பவர்தான் தர வேண்டும். கருவிழிப் பதிவும் கைபேசிக்கு வரும் ஓ.டி.பி.யும் அப்படி வந்த மருந்துகள்.

இனி, நடுவில் நிற்கும் ஆளுக்கு வருவோம். அவரை அகற்றுவதாகச் சொன்ன இரண்டுமே தத்தமக்கு ஒருவரை உருவாக்கிக்கொண்டன. அறிவொளியின் ஆள் தொண்டர். சம்பளம் இல்லாதவர், பெரும்பாலும் அதே ஊர்க்காரர், மாலையில் கதவைத் தட்டி அழைத்தவர். இ-சேவையின் ஆள், மையத்தில் கணினி முன் உட்கார்ந்திருக்கும் இயக்குபவர். அரசு கேபிள் டிவி நிறுவனம், கூட்டுறவுக் கடன் சங்கம், தனியார் தொழில்முனைவோர் என்று அவருக்கு முதலாளிகள் பலர். வருவாய்த் துறைச் சான்றிதழுக்கு 60 ரூபாய் என்பதுபோல் அவருக்குக் கட்டணம் உண்டு. தொண்டர், கற்கும் ஒருவரிடம் நூறு மாலைகள் செலவிட்டு, தம்மைத் தேவையற்றவராக ஆக்கிக்கொள்ள முயன்றார். இயக்குபவர், வரும் ஒருவரிடம் பத்து நிமிடம் செலவிட்டு, வேலையை முடித்துக் கொடுக்கிறார்; அடுத்த முறையும் அவரிடமே வர வேண்டும். முதலாமவரின் வெற்றியில் உறவு முடிகிறது, இரண்டாமவரின் வெற்றியில் உறவு தொடர்கிறது.

ஆனால் தராசின் மறு தட்டையும் பாருங்கள். அறிவொளி சிலருடைய உற்சாகத்தில் எரிந்தது. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காட்டிய ஈடுபாடு, தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தாரின் உழைப்பு, வீதி நாடகமும் பாட்டும் சேர்ந்த ஒரு பருவம் அது. ஆட்சியர்கள் மாறினார்கள், பருவமும் மாறியது. தொடர்ந்து படிக்க ஏதுமில்லாத கைகளில் கற்ற எழுத்து மங்கியது. 60 ரூபாய் வாங்கும் இயக்குபவருக்கு யாருடைய உற்சாகமும் தேவையில்லை. புதிய ஆட்சியர் வந்தாலும் போனாலும், பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் அவர் மையம் திறந்திருக்கும், வருமானச் சான்று கியூ.ஆர். குறியோடு அச்சாகி வரும். தொண்டு பெரியது, தவறாமல் திறக்கிற கதவும் சிறியதல்ல.

இரு காலத்தையும் இணைக்கும் ஒரு காட்சி 2023இல் நடந்தது. கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கான பதிவு முகாம்களில் விண்ணப்பங்களைப் பதிவேற்ற அரசு நாடியது, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தின் தன்னார்வலர்களை. கற்பிக்க வந்தவர்கள் கைபேசிச் செயலியில் விவரம் ஏற்றினார்கள். தொண்டரும் இயக்குபவரும் அங்கே ஓர் ஆளாகவே நின்றார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கப்பட்ட அத்திட்டம் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாயை நேராகக் கணக்கில் சேர்த்தது. நிராகரிக்கப்பட்டவர்களுக்குக் காரணம் எஸ்.எம்.எஸ்.ஸில் போனது, மேல்முறையீட்டுக்கு இ-சேவை மையம். ஒருவருக்குப் பணம் ஏன் வரவில்லை என்று அரசே எழுதி அனுப்புவது பழைய அலுவலக மரபில் அரிது. அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. அந்த இடத்தில் 1991 மறுபடி எட்டிப் பார்க்கிறது.

ரேஷன் கடை எஸ்.எம்.எஸ்.ஸும் இதே வகைதான். பொருள் வாங்கியதும் அரிசி இவ்வளவு, சர்க்கரை இவ்வளவு என்று கைபேசிக்கு வருகிறது. வாங்காத பாமாயிலை வாங்கியதாகச் செய்தி சொன்னால், அதைக் காட்டிச் சண்டை போடலாம். கடைக்காரரின் பதிவேடு பல ஆண்டுகளாகக் கவுண்டருக்கு உள்ளே இருந்தது. இப்போது அதன் ஒரு வரி வெளியே வந்து வாங்கியவர் கையில் விழுகிறது. அறிவொளிக்காரர்கள் கூலிக்கணக்கும் எடைக்கணக்கும் பாடமாக வைத்து எதை விரும்பினார்களோ அதுவேதான் இது. கருவி கணக்கை வெளியே தள்ளுகிறது, எழுத்து அதைப் பிடித்துக்கொள்கிறது. ஒன்றில்லாமல் மற்றது அரைகுறை. மின் ஆளுகை தன்னை அறிவொளியின் வாரிசாகச் சொல்லிக்கொண்டதில்லை; ஆனால் அது போடும் கணக்கெல்லாம் அறிவொளி விட்டுச்சென்ற எழுத்தை நம்பித்தான் இருக்கிறது.

சைக்கிளையும் கைபேசியையும் ஒப்பிடாமல் புதுக்கோட்டையைப் பற்றி எழுத முடியாது. அறிவொளிக் காலத்தில் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் கற்றதாகச் சாய்நாத் எழுதினார். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது அவர்கள் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறினார்கள். முன்கம்பியில் பிள்ளையை உட்காரவைக்க அது வசதி என்றுகூடக் கண்டார்கள். சைக்கிள் அவர்களை அலுவலகத்துக்கு அழைத்துப்போனது. கைபேசியோ அலுவலகத்துக்குப் போகவேண்டிய தேவையையே குறைக்கிறது. இரண்டும் தூரத்தைச் சுருக்கின. சைக்கிள் சுருக்கிய தூரத்தில் அந்தப் பெண்ணின் உடல் பயணம் செய்தது: வழியில் நாலு பேர் பார்த்தார்கள், பேசினார்கள், சிலர் கேலியும் செய்தார்கள், அந்தப் பார்வைகளைத் தாண்டித்தான் துணிச்சல் வந்தது. கைபேசி சுருக்கும் தூரத்தில் அவரை யாரும் பார்ப்பதில்லை. அலைச்சல் மிச்சம் என்பது உண்மை. கூலி வேலைக்காரிக்கு ஒரு நாள் அலைச்சல் என்பது ஒரு நாள் கூலி.

இரவல் விஷயத்திலும் உறவு இருக்கிறது. அன்றைய சைக்கிள் பெரும்பாலும் அண்ணனுடையதோ கணவனுடையதோ. இன்று ஆதாரோடு இணைத்த எண்ணும் பல வீடுகளில் அப்படித்தான். வித்தியாசம், இரவல் சைக்கிள் வாசலில் நின்றது. இரவல் கைபேசி திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ வேலைபார்க்கும் மகனின் சட்டைப்பையில் இருக்கிறது. தாய்க்கு வரவேண்டிய ஆறு இலக்கம் அங்கே போய் ஒலிக்கிறது. மகன் கூப்பிட்டுச் சொல்வதற்குள் நேரம் கடந்துவிடுகிறது. ரேகை விழாதவருக்கு மருந்தாக வந்த ஓ.டி.பி. இப்படித் தன் பங்குக்கு ஒருவரைச் சார்ந்திருக்க வைக்கிறது.

இதுவரை சொன்னவை உபகரணங்களின் ஒற்றுமை வேற்றுமை. இவற்றுக்கு அடியில் இருப்பது, அரசு குடிமக்களிடம் கேட்கும் கேள்வியின் மாற்றம் என்பது என் கணிப்பு. கையெழுத்து ஒரு சம்மதம். எழுதியிருப்பதை ஏற்கிறேன் என்றோ, இது என் கோரிக்கை என்றோ சொல்வது. விருப்பமில்லையென்றால் பேனாவைக் கீழே வைத்துவிடலாம். ரேகை ஒரு சாட்சியம். நான் இன்னார்தான் என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை; எதற்குச் சம்மதித்தேன் என்பதை அதிலிருந்து யாரும் படிக்க முடியாது. மனுவில் கையெழுத்துக் கேட்ட அரசு ‘உனக்கு என்ன வேண்டும்?’ என்று கேட்டது. ரேகை கேட்கும் அரசு ‘நீ யார்?’ என்று கேட்கிறது. முதல் கேள்விக்குப் பதில் சொல்ல வாய் வேண்டும். இரண்டாவதற்குத் தோல் போதும். கறாரான ஒப்பீடுதான் இது. இரண்டாவது கேள்வியையும் நியாயமான அரசு கேட்டுத்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்தவர் அரிசியை யாரோ தின்பார்கள். முதல் கேள்வியின் இடத்தில் இரண்டாவது உட்கார்ந்துவிட்டதா என்பதே கவலைப்பட வேண்டிய விஷயம்.

2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் ஆதார் சட்டத்தைப் பெருமளவு செல்லும் என்று சொன்னபோதே, அங்கீகாரம் தோற்றதைக் காட்டி உரியவர்க்கு உதவியை மறுக்கக் கூடாது, வேறு வழியில் அடையாளம் காண வேண்டும் என்றும் வலியுறுத்தியது. தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் அந்த வேறு வழிகளில் ஒன்று, பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பொருளைக் கொடுப்பது. கருவி தோற்கும் இடத்தில் அரசு திரும்பி வந்து நிற்பது அறிவொளி கற்றுக்கொடுத்த வித்தையிடம். 1991இல் முப்பது வயதில் கற்றவர் இன்று அறுபதைக் கடந்த முதியவர். ரேகை தேய்வதும் அந்த வயதில்தான். எழுத்து மறந்துபோனவர்களிடம் அந்தப் பதிவேட்டிலும் மைப்பெட்டியே நீட்டப்படும் என்பது இந்த ஒப்பீட்டின் சிறிய, கசப்பான நகைச்சுவை.

கடைசியாக ஒரு வேற்றுமை. இதுவே எனக்கு எல்லாவற்றிலும் கனமாகப் படுகிறது. கையெழுத்து மனு கூட்டமாகப் போகக்கூடியது. குடிதண்ணீர், மயானப் பாதை, வீட்டுமனை என்று ஒரு தெருவே கேட்கும் விஷயத்துக்கு ஒரே தாளில் தெருவே கையெழுத்திட்டது. ஒருவர் எழுத்துக்குக் கீழே இன்னொருவர் எழுத்து விழும்போது, அந்தத் தாளுக்கு முதல் ஆளின் தைரியத்தைவிட அதிகமான தைரியம் வந்துவிடும். ரேகையோ தனித்தனியானது, ஒரு விரல், ஒரு ஆதார், ஒரு கணக்கு. அதன் வழியாக வருபவையும் தனித்தனியானவை: முதியோர் உதவித்தொகை, உரிமைத் தொகை, சான்றிதழ். இவை வீட்டுக்குள் வருபவை. தெருவுக்கு வர வேண்டியவற்றைக் கேட்க விரல் வைக்கும் கருவி எதுவும் இல்லை.

அதனால்தான் ஆட்சியர் மனு வாங்கும் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டம் ஆள் குறையாமல் நடக்கிறது என்று நினைக்கிறேன். புகார் சொல்ல 1100 என்ற தொலைபேசி எண்ணும், ‘முதல்வரின் முகவரி’ என்ற குறைதீர்ப்புத் துறையும் வந்தபின்னும், கீரனூர்ப் பக்கத்திலிருந்தும் ஆவுடையார்கோவில் பக்கத்திலிருந்தும் ஆட்கள் பேருந்து பிடித்து ஆட்சியர் அலுவலகத்துக்கு வருகிறார்கள்; வாசலில் மனு எழுதித் தருகிறவர்களுக்கும் வேலை இருக்கிறது. உள்ளே மனுவைக் கணினியில் ஏற்றிப் பதிவு எண் தருகிறார்கள். இப்போது பேனாவும் கணினியும் ஒரே மேசையில். மனுத்தாளில் முப்பது கையெழுத்து இருந்தாலும் பதிவு எண் ஒன்றுதான். பதில் போகும் கைபேசி எண்ணும் ஒன்றுதான். அந்த எண்ணுக்கு உரியவர் பதிலைப் படித்து, மற்ற இருபத்தொன்பது பேருக்கும் சொன்னால் அது தெருவின் மனுவாகவே நீடிக்கும். அதை அவர் தமக்குள் வைத்துக்கொண்டால், கணினியில் ஏறிய விதத்திலேயே ஒருவரின் மனுவாகச் சுருங்கிவிடும். எது நடக்கும் என்பதைத் தீர்மானிக்கும் பொத்தான் எந்த மென்பொருளிலும் இல்லை. தொண்டர்கள் ஊர் ஊராகச் சுற்றிய காலத்தில் அந்த வேலையைச் செய்ய ஆள் இருந்தது.